டீசல் காரில் இ.ஜி.ஆர் வால்வை அடைக்காமல் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

டேஷ்போர்டில் இன்ஜின் செக் லைட் எரிகிறது. மூன்றாவது கியரில் ஏறவேண்டிய மேம்பாலத்துக்கு இரண்டாவது தேவைப்படுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கண்ணாடியில் கரும்புகை தெரிகிறது. இப்படி ஒரு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "இ.ஜி.ஆர்தான் சார் கம்ப்ளெய்ன்ட், ஒரு தகடு வெச்சு அடைச்சிடலாம், வண்டி பறக்கும்." இ.ஜி.ஆர் என்பது புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு. பி.எஸ்.6 என்ற புதிய மாசு விதிப்படி வந்த வண்டியாக இருந்தால் இதே பேச்சு டி.பி.எஃப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி பக்கம் போகும். உள்ளே இருக்கும் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யூவில் மாற்றிய மென்பொருள் ஃபைல் ஒன்றை ஏற்றிவிடலாம் என்பார்கள்.

இரண்டையும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதைச் சட்டத்திலிருந்து தொடங்காமல் இன்ஜினிலிருந்தே சொல்கிறேன். அதற்குப் பிறகு, அதே வால்வை முறையாகக் கழற்றி, கழுவி, திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரும் ஒத்துக்கொள்ளும்படி செய்வதை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லினியா என்று நம் சாலைகளில் இந்த 1248 சி.சி. இன்ஜின் ஓடாத இடமே இல்லை. 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வரும்வரை மாருதி அதை விற்றது. ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் தெளிக்கும் மற்ற காமன் ரெயில் டீசல்களிலும் வேலை ஏறக்குறைய இதேதான், வால்வு இருக்கும் இடமும் போல்ட்டின் அளவும்தான் மாறும்.

அந்த வால்வு அங்கே என்ன செய்கிறது

சைலன்சர் பக்கம் போகும் புகையில் ஒரு பங்கை எடுத்து, மறுபடி உள்ளே இழுக்கும் காற்றோடு கலந்து விடுவதுதான் இ.ஜி.ஆர் வேலை. எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு, அதனால் சிலிண்டருக்குள் எரியும்போது உச்ச வெப்பம் குறைகிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் மிக அதிக வெப்பத்தில்தான் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். வெப்பத்தைக் குறைத்தால் அது குறையும். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வெயிலில் மற்ற புகைகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனையும் உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆஸ்துமா இருக்கும் குழந்தை உள்ள வீட்டில் மட்டும் தெரியும்.

அடைத்துவிட்டால் கரும்புகை குறைவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆக்சிஜன் அதிகம் கிடைப்பதால் கரி குறைகிறது, வெப்பம் கூடுவதால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறுகிறது. புகைச் சான்றிதழ் தரும் பி.யூ.சி. மையத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் கருமையை மட்டும்தான், பி.எஸ்.4 வண்டிக்கு அந்த வரம்பு மீட்டருக்கு 1.62. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. அதனால்தான் "அடைச்சும் புகைச் சான்றிதழ் கிடைச்சிடுச்சு" என்று சொல்ல முடிகிறது. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டதும் இதே நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில்தான். சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருளை உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் ஏன் ஒத்துக்கொள்ளாது

கார்புரேட்டர் காலத்தில் ஒரு பாகத்தைக் கழற்றினால் அந்தப் பாகம் மட்டும்தான் போனது, மற்றவற்றுக்கு அது தெரியாது. காமன் ரெயில் டீசலில் அப்படியில்லை. இ.சி.யூவுக்குள் இருக்கும் மேப் எல்லாமே, அதாவது எந்த நொடியில் எவ்வளவு டீசல், எத்தனை முறையாகப் பிரித்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தத்தில், என்பதெல்லாம் இந்த இ.ஜி.ஆர் வேலை செய்கிறது என்ற கணக்கில் எழுதப்பட்டவை. வால்வு திறந்ததா என்பதை இ.சி.யூ இரண்டு வழியில் தெரிந்துகொள்கிறது. ஒன்று வால்வுக்குள் இருக்கும் பொசிஷன் சென்சார். இன்னொன்று ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் எம்.ஏ.எஃப், அதாவது உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் சென்சார். இ.ஜி.ஆர் திறந்தால் உள்ளே புகை இடம்பிடிக்கும், அந்த அளவுக்குப் புதுக்காற்று குறையும், எம்.ஏ.எஃப் எண் இறங்கும். தகடு வைத்து அடைத்தால் வால்வு திறந்தாலும் எண் இறங்காது. திறக்கச் சொன்னேன், காற்று குறையவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் பி0401 என்ற கோடை, அதாவது கோளாறு எண்ணை, எழுதி லைட்டைப் போடும். சில வண்டிகளில் பவரையும் குறைக்கும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ஃபைல் வேலை அதைவிட மோசம். ஃபைலில் அந்தக் கோடை எழுதவிடாமல் செய்வார்கள். நிஜமாகவே எம்.ஏ.எஃப் போனாலும், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தாலும், அதே கணக்கைச் சார்ந்திருந்த எச்சரிக்கைகள் பலவும் சேர்ந்து ஊமையாகிவிடும் வாய்ப்பு உண்டு. யார் எழுதினார்கள், எந்த வண்டிக்கு எழுதினார்கள் என்று தெரியாத ஃபைல். ஏற்றும்போது பேட்டரி வோல்ட் இறங்கினால் இ.சி.யூவே போய்விடலாம். சரி, எல்லாம் நன்றாகவே ஏறியது என்று வைத்துக்கொள்வோம், அடுத்த சர்வீஸில் கம்பெனி மென்பொருளைப் புதுப்பித்தால் பழையபடி லைட் எரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2)-இன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே, லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும். பிடிபடுவது குறைவுதான். ஆனால் மாட்டினால் அது பட்டறைக்காரர் தலையில் விழாது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர் தலையில்தான் விழும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்: ஸ்கேனர்

டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங்குக்குக் கிட்டே ஸ்கேனரை மாட்டும் 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம்.327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் கோடு படிக்கவும் லைவ் டேட்டா பார்க்கவும் போதும். வால்வைத் தனியாக இயக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பட்டறை ஸ்கேனர் தேவைப்படும்.

முதலில் கோடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படித்துவிடுங்கள். லைட் எரிந்த அந்த நொடியில் ஆர்.பி.எம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று அது சொல்லும். பி0401 என்றால் புகை போதிய அளவு ஓடவில்லை, பி0402 என்றால் அளவுக்கு மீறி ஓடுகிறது, வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பி0403 என்றால் வயரிங் அல்லது காயில் பக்கம் பாருங்கள், கழுவினால் போகாது. பி0404 என்றால் சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை. பி0101 கூடவே இருந்தால் எம்.ஏ.எஃப்பை முதலில் சந்தேகப்படுங்கள். பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் வரவில்லை, அதற்குக் காரணம் பெரும்பாலும் கிழிந்த ஹோஸ்.

அடுத்து லைவ் டேட்டா. இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும், பாதிப் பேர் இதைச் செய்யாமலே வால்வைக் கழற்றுகிறார்கள்.

இன்ஜின் சூட்டைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் 65, 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. 80-க்கு மேல் போய் நிற்க வேண்டும். சூடேறாத இன்ஜினில் டீசல் சரியாக எரியாது, கரி அதிகம் சேரும், அந்தக் கரிதான் வால்வில் போய் ஒட்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றாமல் வால்வை மட்டும் கழுவினால் கொஞ்ச நாளில் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள்.

பிறகு எம்.ஏ.எஃப். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். 1248 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.15 கிராம் சுமாருக்கு இருக்கும், அப்படியென்றால் டர்போ அழுத்தம் இல்லாத ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, ஒரு சிலிண்டர் ஒரு தடவையில் அதிகபட்சம் 360 மில்லிகிராம் இழுக்கலாம். நடைமுறையில் முழுதாக நிரம்பாது. ஐடிலிங்கில் இ.ஜி.ஆர் மூடியிருக்கும்போது 300-ஐ ஒட்டி நின்று, திறந்ததும் தெளிவாக இறங்க வேண்டும். ஊட்டியில் பார்த்தால் எல்லா எண்ணும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தெரியும், காற்றே அங்கே லேசு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் ஆப் நொடிக்கு இத்தனை கிராம் என்று காட்டினால், அந்த எண்ணை 60,000-ஆல் பெருக்கி, ஆர்.பி.எம்மை இரண்டால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஒரு தடவைக்கான மில்லிகிராம் வந்துவிடும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலிங்கில் விட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டே இ.ஜி.ஆர் கனெக்டரை உருவுங்கள். கோடு ஒன்று ஏறும், கடைசியில் அழித்துக்கொள்ளலாம். வால்வு வேலை செய்து கொண்டிருந்தால் உருவியதும் மூடிக்கொள்ளும், எண் மேலே ஏறும், இன்ஜின் சத்தமும் கொஞ்சம் மாறும். எண் அசையவே இல்லை, மேலே நின்றபடியே இருக்கிறது என்றால் வால்வு மூடியே கிடக்கிறது அல்லது பாதை அடைத்திருக்கிறது. கீழேயே நிற்கிறது என்றால் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது எம்.ஏ.எஃப் பொய் சொல்கிறது. பல வண்டிகளில் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விட்டால் இ.சி.யூ தானாகவே இ.ஜி.ஆரை மூடிவிடும். அதனால் ஆக்சிலேட்டரை ஒரு தடவை தட்டிவிட்டு, ஐடிலுக்கு வந்ததும் சோதியுங்கள்.

கடைசியாகக் கண்ணால் ஒரு பார்வை. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவுங்கள், வளைவின் அடிப்பக்கத்தில் ஈரமாக ஆயில் பிசுபிசுத்தால் அங்கே கீறல் இருக்கும். காற்று அங்கே கசிந்தால் அளந்த காற்று சிலிண்டருக்கு வந்து சேராது, கரும்புகை வரும், பழி இ.ஜி.ஆர் மேல் விழும்.

கழற்றுவது

தேவையானவை: சாக்கெட் செட், அலன் மற்றும் டார்க்ஸ் பிட்டுகள், ஹோஸ் கிளிப்புக்கு ஒரு பிளையர், அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் ஸ்பிரே, கார்ப் கிளீனர் இரண்டு டின், பழைய டூத் பிரஷ், நூல் உதிராத துணி, நைட்ரைல் கையுறை, நல்ல மாஸ்க், கண்ணைக் காக்கும் கண்ணாடி, வால்வு சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் புதிய கேஸ்கெட். கேஸ்கெட் கையில் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். பழையதையே சிலிக்கான் பூசி மாட்டும் பழக்கம் இருக்கிறது, அந்த இடத்தின் சூட்டுக்கு அது நிற்காது.

வண்டி முழுதாக ஆற வேண்டும், இரவு நிறுத்தி காலையில் செய்வது நல்லது. முந்தின நாள் மாலையே போல்ட்டுகளில் ஸ்பிரேயை அடித்து வைத்துவிடுங்கள். சாவியை ஆஃப் செய்ததும் உடனே பேட்டரி டெர்மினலை உருவ வேண்டாம். இ.சி.யூ தான் கற்று வைத்த அளவுகளைச் சேமித்துவிட்டுத் தூங்கச் சில நிமிடம் எடுக்கும். அப்புறம் நெகட்டிவ்வை மட்டும் கழற்றுங்கள்.

வால்வு எங்கே என்று தெரியவில்லை என்றால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் போகும் உலோகக் குழாயைத் தொடருங்கள், அந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் கவர், குறுக்கே வரும் காற்றுக் குழாய் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கனெக்டரின் பூட்டு சூட்டில் வறண்டு போயிருக்கும். அதை வயரைப் பிடித்து இழுக்காமல், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பூட்டைத் தூக்கி, கனெக்டரின் உடலைப் பிடித்து உருவ வேண்டும்.

போல்ட் வரவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். லேசாக இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்தி, மறுபடி ஸ்பிரே அடித்து, பொறுமையாகப் போங்கள். தலை முறிந்தால் அது அலுமினியத்துக்குள் முறிந்த போல்ட், அதை எடுப்பதற்கு லேத் பட்டறை வரை போக வேண்டியிருக்கும். புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர் கூலருக்குள் கூலன்ட் போகும் ஹோஸ்களைத் தேவையில்லாமல் தொடாதீர்கள்.

வால்வு வெளியே வந்ததும் முதல் வேலை, இன்டேக் பக்கத் துவாரத்தைத் துணியால் அடைப்பது. காய்ந்த கரிக்கட்டி ஒன்று உள்ளே விழுந்தால் நேரே சிலிண்டருக்குத்தான் போகும்.

கையில் எடுத்துப் பார்ப்பது, கழுவுவது

இந்த இடத்தில் அவசரப்படாமல் வால்வை வெளிச்சத்தில் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். வறண்டு, தொட்டால் பொடியாக உதிரும் கரி என்றால் அது சாதாரணப் புகைக்கரி, ஊருக்குள் குறுந்தூரம் ஓடும் வண்டியில் இப்படித்தான் இருக்கும். தார் மாதிரி ஒட்டி, விரலோடு நூலாக இழுபடுகிறது என்றால் அதில் ஆயில் கலந்திருக்கிறது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து ப்ரீதர் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியோ, டர்போ சீல் விடும் ஆயிலோ கரியைப் பசையாக்குகிறது. ப்ரீதர் குழாயையும், ஆயில் அளவு டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்த மாதிரி கோடுகள் தெரிந்து, கூலன்ட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் இ.ஜி.ஆர் கூலர் கசிகிறது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று சும்மா சொல்லவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. வாயால் ஊதுவது, கம்ப்ரசர் காற்றால் அடிப்பது இரண்டும் வேண்டாம்.

கெட்டிக் கரியை மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி எடுங்கள். வால்வு வந்து உட்காரும் வட்ட விளிம்பில் இரும்பு படவே கூடாது, ஒரு கோடு விழுந்தாலும் அப்புறம் அது முழுசாக மூடாது. மோட்டார் உள்ள பக்கம் மேலேயும் கரி உள்ள பக்கம் கீழேயும் இருக்குமாறு பிடித்து ஸ்பிரே அடியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் கரைசல் மோட்டாருக்குள்ளும் சென்சாருக்குள்ளும் இறங்கிவிடும். பெட்ரோலில் முழுசாக ஊறப்போடும் பழக்கம் மின்சார வால்வுக்கு ஆகாது. அடித்து, ஊறவிட்டு, பிரஷ் போட்டு, துடைத்து, மறுபடி அடித்து, கரைசல் கருப்பாக வடிவது நிற்கும்வரை செய்யுங்கள்.

வால்வின் தண்டை பிளையரால் பிடித்து இழுத்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். உள்ளே இருப்பது சின்னப் பல்சக்கரங்கள், பல் போனால் புது வால்வுதான். விரலால் மெல்ல அழுத்தினால் சீராகப் போய், விட்டதும் ஸ்பிரிங் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காய்ந்த பிறகு விளிம்பின் மேல் கொஞ்சம் கிளீனரை ஊற்றிப் பாருங்கள். ஒழுகாமல் நின்றால் அந்த விளிம்பு நன்றாக இருக்கிறது, சர்ரென்று இறங்கினால் கழுவியும் பயனில்லை.

இன்டேக் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாதை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தால் மேனிஃபோல்டையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அது பட்டறை வேலை. ஓடும் டீசல் இன்ஜினின் காற்றுப் பாதையில் கார்ப் கிளீனரை அடித்துச் சுத்தம் செய்வதைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டீசல் இன்ஜின் அழுத்தத்தால் எரிப்பது, உள்ளே வரும் எதையும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். இ.சி.யூ டீசலை நிறுத்தினாலும் அது நிற்காமல் வேகம் ஏறிப்போகும் அபாயம் உண்டு.

எம்.ஏ.எஃப்பையும் இதே சமயத்தில் கழுவிவிடலாம், ஆனால் அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும். கார்ப் கிளீனர் அதைக் கெடுத்துவிடும். உள்ளே தெரியும் மெல்லிய பகுதியைத் தொடாமல், தூரத்திலிருந்து அடித்து, தானாகக் காயவிடுங்கள்.

மாட்டுவதும், கம்ப்யூட்டருக்குச் சொல்வதும்

இரண்டு பக்கமும் பழைய கேஸ்கெட் ஒட்டியிருப்பதைச் சுத்தமாக எடுத்து, அடைத்த துணியை எடுத்துவிட்டோமா என்று பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பிறகு மாற்றி மாற்றி, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். கனெக்டர் "டிக்" என்று பூட்ட வேண்டும்.

பேட்டரியை இணைத்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் ஒரு நிமிடம் விடுங்கள். பல இ.சி.யூக்கள் அப்போதோ, சாவியை ஆஃப் செய்ததும் வரும் நொடிகளிலோ வால்வை முழுக்கத் திறந்து மூடி அதன் எல்லையைக் கற்றுக்கொள்ளும், காது வைத்தால் மெல்லிய உறுமல் கேட்கும். சில வண்டிகளில், அதுவும் புது வால்வு போட்டால், பழைய கற்றலை ஸ்கேனரால் அழித்துப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். இது செய்யாமல் விட்டால் சுத்தமான வால்வுக்கும் பி0404 வரும், "கழுவியும் சரியாகவில்லை" என்று மறுபடி தகட்டுப் பேச்சு ஆரம்பிக்கும்.

இப்போது கோடுகளை அழித்து, இன்ஜினை முழுதாகச் சூடேற்றி, மேலே சொன்ன கனெக்டர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால் வேலை பிடித்திருக்கிறது. கனெக்டரைத் திரும்ப மாட்டி, அந்தச் சோதனையால் வந்த கோடை அழித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே மூன்றாவது, நான்காவது கியரில் 2,500 ஆர்.பி.எம்முக்கு மேல் கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டுங்கள். திரும்பி வந்து, லைட் போடாமல் இ.சி.யூ குறித்துவைத்திருக்கும் பெண்டிங் கோடுகளைப் பாருங்கள். லைட் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், இ.சி.யூ பல கோடுகளை இரண்டாவது பயணத்திலும் கண்ட பிறகுதான் லைட்டைப் போடும்.

டி.பி.எஃப், கேட்டலிஸ்ட், கேனிஸ்டர்: சுருக்கமாக

பி.எஸ்.6 டீசலில் டி.பி.எஃப் அடைத்தால், அது கரியை எரித்துக்கொள்ளும் வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அப்படி எரித்துக்கொள்ளும் ரீஜெனரேஷனுக்கு உள்ளே 600 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். வண்டி அதைத் தொடங்கியிருக்கும்போது வீடு வந்துவிட்டது என்று ஆஃப் செய்தால் பாதியில் நின்றுபோகும். அப்படி மீண்டும் மீண்டும் நின்றால் எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறும். விளக்கு எரிந்தால் ஓனர் மேனுவலில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். டேங்கில் டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. குறை-சாம்பல் வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும், சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், அது எவ்வளவு சூட்டிலும் எரியாது.

பெட்ரோல் காரில் பி0420 வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது), ஆயில் எரிவது, எக்ஸாஸ்ட் கசிவு மூன்றையும் முதலில் பாருங்கள். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து நல்ல கேட்டலிஸ்ட்டையே உருக்கிவிடும். பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை ஸ்பேசர் போட்டுத் தள்ளிவைப்பது லைட்டை அணைக்கும், மிஸ்ஸிங்கை அப்படியே விட்டுவிடும்.

கேனிஸ்டர் பெட்ரோல் ஆவியைக் கரித்துகளில் பிடித்துவைக்கும் டப்பா. இதைக் கெடுப்பது பங்கில்தான் நடக்கிறது. நாசில் தானாக நின்ற பிறகும் "ரவுண்டா ஆயிரத்துக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிச் சொல்லி நிரப்பினால் பெட்ரோலே அதற்குள் போய் ஊறிவிடும். முதல் கிளிக்கோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அடைத்த வண்டியை வாங்கிவிட்டால்

பழைய டீசல் கார் வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வால்வு சேரும் இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில் கையால் வெட்டிய தகட்டின் ஓரம் தெரிகிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்கேனரில் வால்வு திறக்கும் எண் மாறினாலும் எம்.ஏ.எஃப் அசையவில்லை என்றால் தகடு உண்டு. டி.பி.எஃப் உள்ள வண்டியில், மிதித்து ஓட்டும்போதும் அதன் இரு பக்க அழுத்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் உள்ளே வடிகட்டி இல்லை. டப்பாவில் புதிய வெல்டிங் கோடும் தெரியலாம்.

தகடு மட்டும் என்றால் எளிது. தகட்டை எடுத்து, வால்வைக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டிவிடுங்கள். ஃபைலும் மாற்றியிருந்தால் வால்வைச் சரிசெய்த பிறகு கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றச் சொல்ல வேண்டும். இந்த வரிசை முக்கியம், பாகம் இல்லாமல் பழைய மென்பொருள் ஏறினால் உடனே லைட் எரியும். பழைய மென்பொருள் ஏறிய முதல் சில நாட்களில் அதுவரை ஊமையாக இருந்த வேறு கோடுகள் வெளியே வரலாம். வந்தால் ஒவ்வொன்றாகப் படித்து, காற்றுக் கசிவு, எம்.ஏ.எஃப், தெர்மோஸ்டாட் என்ற வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். டி.பி.எஃப்பையே குடைந்து எடுத்திருந்தால் புதிதாக வாங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அந்தச் செலவை வண்டியின் விலையில் கழித்துக் கேட்க வேண்டியது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.